கார்த்திகைக் கிழங்கு

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் தோட்டங்களிலே கார்த்திகைத் தீபத் திருநாளன்று லயத்து வாசல்கள்தோறும் அகல்விளக்குகள் ஏற்றப்படுகின்றன. அந்தத் திங்களின் பெயரையே தன் பெயராகப் பூண்ட மலரொன்று உண்டு. கார்த்திகைப்பூ என்பது அதன் வழக்குப் பெயர். காந்தள் என்பது இலக்கியப் பெயர். தோட்டத்து முதியோரை அதுபற்றிக் கேட்டால், "கார்த்திகைப்பூவா? அதன் கிழங்கு பெரிய மருந்தாயிற்றே" என்று உடனே விடை வரும். ஆயினும் பூவைக் கண்ணாற் கண்டோர் அவர்களுள் சிலரே. கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேற்பட்ட அந்தக் குளிர் நிலத்தில், தாழ்நாட்டுக் காடுகளில் மண்டுவதுபோல் காந்தள் மண்டுவதில்லை. கொடியைக் காணாதவர் நாவிலும் கிழங்கின் பெருமை மாத்திரம் தங்கியிருக்கின்றது. அந்தக் கிழங்கோ கடுநஞ்சு. பக்குவம் அறிந்த கையில் மட்டுமே மருந்தாக மாறுவது.

இக்கிழங்கைப் பற்றிய அறிவு மலைநாட்டுக்கு எவ்வழி வந்தது, வருகின்ற வழியில் எதனை இழந்தது, அந்த இழப்பினால் விளையக்கூடிய இடர் யாது என்பவற்றையே நேயர்கள் இன்று கேட்கப் போகிறார்கள்.

முதலில் செடியை இனங்கண்டுகொள்ளுதல் வேண்டும். காந்தள், நிலத்தடியிலுள்ள கிழங்கினின்றும் மழைக்காலத்தில் முளைத்தெழுந்து, பூத்துக் காய்த்து, வறட்சி வந்ததும் மடிந்துபோகும் கொடி. அதன் இலைக்குக் காம்பு இல்லை. இலையின் நுனி நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகி, அருகிலுள்ள புதரையோ வேலியையோ பற்றிக்கொள்ளும். பூவிலே இதழ்கள் ஆறு. அவற்றின் விளிம்பு அலையலையாய் நெளிந்திருக்கும். அரும்பிலே பசுமை, மலர்ச்சியிலே மஞ்சள், முதிர்ச்சியிலே செம்மை என ஒரே பூ சில நாட்களுக்குள் மூன்று நிறம் காட்டும். பூ கீழ்நோக்கித் தொங்க, இதழ்கள் மாத்திரம் பின்புறமாக மேலெழுந்து நிற்பதால், விரல்களைக் குவித்து உயர்த்திய கையொன்றை நினைவூட்டும். மகளிர் விரலுக்குக் காந்தளை உவமையாக்கிய சங்கப் புலவர்கள் பூவை உற்றுநோக்கியே பாடினார்கள் என்பதற்கு அதன் தோற்றமே சான்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் 99 மலர்களுள் முதலில் நிற்பது செங்காந்தள். மலைக்கும் முருகனுக்கும் உரிய பூ அது. இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே.

கிழங்கின் வடிவம் வேறு எந்தக் கிழங்குக்கும் இல்லாதது. இரு கிளையாய்ப் பிரிந்து, ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும், கலப்பையின் வளைவைப் போன்றிருக்கும். அதனால் கலப்பைக்கிழங்கு என்று தமிழிலும், கலப்பையைக் குறிக்கும் சொல்லினின்று இலாங்கலி என்று வடமொழியிலும் பெயர் பெற்றது. கிளைத்த கிழங்கை ஆண் என்றும் கிளைக்காததைப் பெண் என்றும் நாட்டு வழக்கில் பிரிப்பதுண்டு. தாவரவியல் அப்பிரிவை ஒப்புவதில்லை. காந்தளின் ஒவ்வொரு பூவிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒருங்கே உள்ளன. தமிழ்நாட்டிலே கண்வலிக்கிழங்கு என்றும் அதனை வழங்குவர். பூவை நெடுநேரம் பார்த்தால் கண்வலி வருமென்ற நம்பிக்கையே அப்பெயருக்குக் காரணமாம். இது வெறும் நம்பிக்கைதான். எனினும் பிள்ளைகளை அந்தக் கொடியருகே அணுகவிடாமல் காத்தமட்டில், அதனைப் பயனுள்ள பொய் என்றே சொல்லவேண்டும்.

சிங்கள மக்கள் இதனை நியங்கலா என்பர். மலையாளத்தார் மேந்தோன்னி என்பர். பழந்தமிழில் இதற்குத் தோன்றி என்றும் பெயருண்டு. அந்தப் பெயருக்கும் மலையாளப் பெயருக்கும் உள்ள உறவு செவிக்கே புலப்படும். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் ஆட்சியின்போது இலங்கையில் தங்கிச் செடிகளைத் திரட்டிய போல் ஹெர்மன் என்னும் மருத்துவர், இதனை ஐரோப்பியருக்கு 'மெத்தோனிகா' என்று அறிமுகப்படுத்தினார். அது மலையாளப் பெயரின் திரிபேயாகும். 1753இல் லின்னேயசு சூட்டிய 'குளோரியோசா சுப்பர்பா' என்னும் பெயரே இன்று நிலைத்துள்ளது. புகழும் செம்மாப்பும் உடையது என்பது அதன் பொருள். ஆபிரிக்காவிலும் இக்கொடி இயற்கையாய் வளர்கிறது. சிம்பாப்வே நாட்டின் தேசிய மலராகவும் விளங்குகிறது.

இனி, இம்மலரின் கிழங்குக்கும் தோட்டத்து மக்களுக்கும் உள்ள தொடர்பு. கோப்பிக் காலத்திலே திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து புறப்பட்ட மக்கள், கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரையிலும் காட்டுவழியே கால்நடையாக வந்தார்கள். நீரின்றியும் உணவின்றியும் பேதியினாலும் காய்ச்சலினாலும் அந்த வழியில் மடிந்தோர் பலர். அவ்வழியிலுள்ள வறண்ட காடுகள் காந்தளுக்கு உகந்த நிலம். சொந்த ஊரின் வேலியோரங்களில் பார்த்துப் பழகிய பூவையே வழியிலும் கண்டிருப்பர் எனலாம். மலையேறிய பின்னரோ கண்ணுக்கு எட்டிய தூரமெங்கும் முதலிற் கோப்பி, 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலை. பழைய செடிகள் பின்தங்கிவிட்டன. அவற்றின் பெயர்கள் மாத்திரம் கூட வந்தன.

பெயரோடு வராதவர் ஒருவரும் உண்டு. அவர் ஊர் வைத்தியர். கங்காணிமார் ஆள் திரட்டியபோது மண்வெட்டி பிடிக்கவும் கொழுந்து பறிக்கவும் வல்லவரைத் திரட்டினரேயன்றி, ஏட்டுச்சுவடியும் மருந்துப் பெட்டியும் வைத்திருந்த பரிகாரியை அழைத்து வந்தாரில்லை. மருத்துவச்சிகள் வந்தனர். மூலிகைகளின் பெயரை அறிந்த பாட்டிமார் வந்தனர். தூதுவளை, வல்லாரை, நன்னாரி ஆகியவற்றுக்கு அவர்களின் அறிவு போதுமானது. அளவு சிறிது கூடினும் குறையினும் பெருந்தீங்கில்லை. கலப்பைக்கிழங்கு அவ்வகையைச் சேர்ந்ததன்று. அப்பாயி சொன்ன மருந்து என்று ஒரு பெயர் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரலாம். அதனை எவ்வாறு சுத்தி செய்தார்கள், எவருக்குக் கொடுத்தார்கள், எவருக்கு மறுத்தார்கள் என்பன அப்பெயரோடு வாரா.

சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் இக்கிழங்கை எவ்வளவு அச்சத்துடன் அணுகின என்பதை அறிந்தால் இதன் உண்மை விளங்கும். ஆயுர்வேத நூல்கள் இலாங்கலியை உபவிடங்களுள், அதாவது துணைநஞ்சுகளுள், ஒன்றாக வைத்துள்ளன. சுத்தி செய்யாமல் அதனை எந்த மருந்திலும் சேர்த்தல் ஆகாது என்பது விதி. மெல்லிய துண்டுகளாக நறுக்கி, உப்பிட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, பகலில் உலர்த்தி, மறுபடியும் புதிய மோரில் இட்டு, இவ்வாறு பல நாட்கள் செய்தல் ஒரு முறை. பசுவின் நீரில் ஊறவைத்தல் மற்றொரு முறை. இக்காலத்தவர் சிலர் இவற்றை வெறும் சடங்கென்று எள்ளுவதுண்டு. அது சரியன்று. கிழங்கிலுள்ள நஞ்சு நீரிற் கரையும் தன்மையுடையது. ஊறிய மோரை ஒவ்வொரு நாளும் கொட்டிவிடும்போது நஞ்சின் ஒரு பகுதி அதனுடன் வெளியேறுதல் இயல்பே. ஆனால் எவ்வளவு வெளியேறியது, எவ்வளவு எஞ்சியது என்பதை வீட்டு அடுப்படியில் அளந்தறிய வழியில்லை.

பக்குவப்படுத்திய பின்னும் பெரும்பாலும் வெளிப்பூச்சுக்கே இது பயன்பட்டது. மூட்டுவாதத்துக்கும் வீக்கத்துக்கும் பற்றிடுதல், தோல் நோய்களுக்கு அரைத்துத் தடவுதல், மூல நோய்க்கும் வாத நோய்க்கும் காய்ச்சும் தைலங்களிற் சேர்த்தல் என்பன அவற்றுட் சில. காசீசாதி தைலத்திலும் நிர்க்குண்டித் தைலத்திலும் இலாங்கலி சேருகின்றது. தேள்கடிக்கும் பாம்புக்கடிக்கும் கிழங்கை அரைத்துப் பூசுவதும் ஊர் வழக்கு. பாம்புக்கடிக்கு இது மருந்தாகும் என்பதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. பூசிக்கொண்டு காத்திருக்கும் நேரம் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய நேரமாகும்.

பிரசவ காலத்து வழக்கம் தனியே கூறத்தக்கது. பேறுகாலம் நீடித்துத் துன்புறும் தாய்க்கு, இக்கிழங்கை அரைத்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்பூழிலும் பூசுதல் பழைய மருத்துவச்சியரின் கைமுறை. பிள்ளை பிறந்த அக்கணமே பூச்சைக் கழுவித் துடைத்துவிட வேண்டும் என்பதும் அவர்களே விதித்த கட்டுப்பாடு. கர்ப்பத்தை வீழ்த்துவது என்னும் பொருள்படும் பெயர்களும் வடமொழி நூல்களில் இதற்கு உண்டு. அப்பெயரை நம்பிக் கிழங்கை உட்கொண்டு தாயே உயிரிழந்த செய்திகள் மருத்துவ நூல்களிற் பதிவாகியுள்ளன. வெளியே பூசுவதற்கென்று சொல்லப்பட்ட ஒன்றை உள்ளே கொடுத்தல் எத்துணைப் பெரிய வேறுபாடு! பெயரை மாத்திரம் நினைவில் வைத்திருப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாமற் போவதே அச்சத்துக்குரியது.

கிழங்கிலுள்ள அந்த நஞ்சு யாது? இவ்விடத்தே ஐரோப்பாவின் கதையையும் சிறிது கேட்டல் நன்று. அங்கே புல்வெளிகளில் இலையுதிர் காலத்திற் பூக்கும் கொல்சிக்கம் என்னும் சிறு செடியொன்று உண்டு. காந்தளுக்கு அது உறவுச் செடி. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றே தாவரவியலார் இன்று வகுத்துள்ளனர். கௌட் எனப்படும் கொடிய மூட்டுவாதத்துக்கு இந்தக் கொல்சிக்க இனத்துக் கிழங்கைக் கொடுக்கும் வழக்கம் 6ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த திரால்லெசு நகரத்து அலெக்சாந்தர் என்னும் கிரேக்க மருத்துவர் காலத்திலேயே இருந்தது. 1820இல் பெல்லத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் அதிலுள்ள காரப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதுவே பின்னர் கொல்சிசின் எனப் பெயர் பெற்றது. அதே ஆண்டில் அதே இருவர் சின்கோனாப் பட்டையிலிருந்து கொயினாவையும் பிரித்தெடுத்தனர் என்பது மலைநாட்டாருக்குச் சுவை தரும் செய்தியாகும். அந்தச் சின்கோனாவை இலங்கையில் வளர்ப்பதற்கென்றே 1861இல் ஹக்கலைப் பூங்கா அமைக்கப்பட்டது. கோப்பி வீழ்ந்த காலத்திலே தோட்டங்கள் பல சின்கோனாவை நட்டன; அதன் பட்டையை உரித்த கைகள் இம்மக்களின் முன்னோர் கைகளே.

காந்தட் கிழங்கின் பக்கம் அறிவியல் திரும்புவதற்கு மேலும் நெடுங்காலம் சென்றது. கல்கத்தாவில் வார்டன் என்பார் 1880ஆம் ஆண்டளவில் அதனை ஆராய்ந்து, தாம் கண்ட கசப்புப் பொருளுக்குச் சுப்பர்பின் என்று புதுப்பெயரே சூட்டினார். 1915இல் இங்கிலாந்தில் கிளூவர், கிரீன், தூத்தின் என்னும் மூவர் அதில் உள்ளதும் கொல்சிசினே என்று காட்டினர். கடல்களுக்கு இருபுறமும் ஒருவரையொருவர் அறியாத வைத்தியர்கள் வெவ்வேறு செடியின் கிழங்கைத் தோண்டி, மூட்டு நோய்க்கே பயன்படுத்தியிருக்கிறார்கள். இரண்டிலும் இருந்த பொருள் ஒன்றே. நாட்டு மருத்துவத்தை முற்றாக இகழ்வோர் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும். முற்றாகப் புகழ்வோர் அடுத்துவரும் செய்தியை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

உடலிலுள்ள உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது, அதனுள்ளே மிக நுண்ணிய இழைகள் தோன்றிப் பங்கீட்டை நடத்துகின்றன. கொல்சிசின் அந்த இழைகள் உருவாகாமல் தடுத்துவிடும். தறியில் பாவு ஓடாவிடில் நெசவு நின்றுவிடுவதுபோல உயிரணுவின் பெருக்கம் நின்றுவிடுகிறது. இந்த ஆற்றலைத் தாவர விஞ்ஞானிகள் 1937ஆம் ஆண்டிலிருந்து நன்மைக்குப் பயன்படுத்தி, புதிய பயிர் வகைகளை உண்டாக்கினார்கள். தேயிலையிலும் அத்தகைய முயற்சிகள் நடந்துள்ளன. மனித உடலிலோ அது எங்கே முதலிற் கேடு செய்யும்? எங்கே உயிரணுக்கள் விரைந்து பெருகுகின்றனவோ அங்கே. குடலின் உட்பூச்சு, குருதியை ஆக்கும் எலும்பு மச்சை, மயிரின் வேர் ஆகியன அவை. இந்த ஒன்றை மனத்திற்கொண்டால், கலப்பைக்கிழங்கை உண்டவர் படும் துன்பத்தின் ஒழுங்கு முழுவதும் தானே விளங்கும்.

உண்ட சில மணி நேரத்துக்குள் வாயிலும் தொண்டையிலும் எரிவு காணும். பின்னர் வயிற்றுவலி, அடங்காத வாந்தி, நீராய்க் கழியும் பேதி. பார்ப்பவருக்கு அது வாந்திபேதி நோயாகவே தோன்றும். தோட்டங்களிலே வாந்திபேதியினால் மாண்டோரின் நினைவு இன்னும் முற்றாக மறையவில்லையாதலின், 'கண்டதைத் தின்றதனால் வந்த பேதி' என்று உறவினர் முடிவுகட்டுதல் எளிது. ஒரு நாள் கழிந்ததும் வாந்தியும் பேதியும் தணியக்கூடும். நோயாளி எழுந்து உட்காருவார், பால் கேட்பார், வீட்டார் நிம்மதி அடைவர். உண்மையான ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. இரண்டாம் நாள் முதல் ஒரு வாரம் வரையில் எலும்பு மச்சை செயலிழந்து, குருதியின் வெள்ளணுக்களும் உறைய உதவும் தட்டணுக்களும் குன்றும். தசைகள் தளரும். சிறுநீரகமும் இருதயமும் பாதிக்கப்படும். கிருமி தொற்றினால் உடல் எதிர்த்துப் போராட இயலாது. இவற்றையெல்லாம் கடந்து உயிர் தப்பியவருக்கு, அடுத்த வாரங்களில் தலைமயிர் கொத்துக் கொத்தாய் உதிரும். இலங்கையில் நிகழ்ந்த அத்தகைய நிகழ்ச்சியொன்றைப் பற்றி 1966இல் பிரித்தானிய மருத்துவ இதழிலே குறிப்பொன்று வெளிவந்தது. காந்தட் கிழங்கினால் உடல் மயிர் பெருமளவில் உதிர்ந்ததை அது விவரித்தது. உதிர்ந்த மயிர் பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். இழந்த உயிர் அவ்வாறன்று.

தவறி உண்பவர்களும் உளரோ என்று நேயர்கள் கேட்கலாம். உளர். கலப்பை வடிவம் எல்லாக் கிழங்கிலும் தெளிவாக அமைவதில்லை. கிளை முறிந்த துண்டு, மண் ஒட்டிய நிலையில், வத்தாளங்கிழங்கைப் போலவோ காட்டு வள்ளிக்கிழங்கைப் போலவோ தோன்றும். இலங்கை வைத்தியர்களின் பதிவுகளிலே, வத்தாளை என்றெண்ணி அவித்துண்டு நஞ்சேறியோர் இடம்பெற்றுள்ளனர். அவித்தலாலும் சுடுதலாலும் நஞ்சு அழிவதில்லை. மேலும், வறட்சிக் காலத்தில் கொடி முற்றாக மடிந்துவிடும். நிலத்தின்மேல் பூவுமில்லை, இலையுமில்லை. கிழங்கு மாத்திரம் மண்ணுக்குள் உறங்கும். அப்போது அந்த இடத்தைக் கொத்துபவருக்கு எச்சரிக்கை கூற எதுவும் இராது.

இது தாழ்நாட்டின் கவலை, பொகவந்தலாவைக்கு என்ன என்று விட்டுவிடலாகாது. 1970களின் உணவுப் பஞ்சத்தினாலும், 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களினாலும் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்குச் சென்று காடு வெட்டிக் குடியேறிய மலையக மக்கள் பலர். பெயரளவில் அறிந்திருந்த பூவை அவர்கள் தங்கள் வேலியோரத்திலேயே கண்டனர். மலையிற் பிறந்து வளர்ந்தவர் வன்னிக் காட்டின் கிழங்குகளை இனம்பிரித்து அறியப் பல காலம் செல்லும். அவர்களுக்கும் தோட்டங்களில் தங்கிய உறவினர்க்கும் இடையே திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் போக்குவரத்து இன்றும் உண்டு. பையிலே தேயிலைத்தூள் அங்கே போகும். மூலிகையும் கிழங்கும் இங்கே வரும். அழகுக்காகக் காந்தளைத் தொட்டியில் வளர்ப்போரும் இப்போது உளர். வளர்த்தலிற் குற்றமில்லை. ஆனால் கிழங்கு மட்டுமன்றி விதையும் நஞ்சுடையது. செம்மஞ்சள் நிறத்து விதைகள் சிறுபிள்ளைகளின் கண்ணைக் கவர்வன.

'எங்கள் பாட்டன் உண்டார், ஒன்றும் ஆகவில்லை' என்பது இத்தகைய பேச்சுகளில் எப்போதும் எழும் மறுப்பு. இதற்குப் பழைய சான்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலே பணிபுரிந்த மொய்தீன் ஷெரீப் என்னும் புகழ்பெற்ற மருத்துவர், இக்கிழங்கு மக்கள் அஞ்சுமளவு கொடியதன்று, சிற்றளவில் உடலுக்கு வலுவூட்டுவது என்னும் கருத்துடையவராயிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. தம் கையிலிருந்த கிழங்கைப் பற்றிச் சொன்னார். கிழங்குக்குக் கிழங்கு, நிலத்துக்கு நிலம், பருவத்துக்குப் பருவம் கொல்சிசின் அளவு வேறுபடும் என்பதே இதில் உள்ள சிக்கல். ஒருவர் தப்பிய அளவிலேயே மற்றொருவர் மடியலாம். இக்கால மருத்துவம் கொல்சிசினைக் கைவிடாமல், கிழங்கைக் கைவிட்டதன் காரணமும் இதுவே. கௌட் நோய்க்கு அது இன்றும் மாத்திரையாகக் கொடுக்கப்படுகிறது. 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இருதயக் குழாய் நோயாளருக்கும் அதனை அங்கீகரித்தது. நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் அதன் அளவு. ஓர் அரிசி மணியின் எடையில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு! அம்மியும் அரிவாள்மணையும் கொண்டு அந்த அளவைக் காண எவரால் இயலும்?

அந்த மாத்திரைகளுக்கு வேண்டிய மூலப்பொருளிலே தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. ஒட்டன்சத்திரம், மூலனூர், ஜயங்கொண்டம், வேதாரணியம் முதலிய இடங்களில் உழவர்கள் காந்தளைப் பயிராகவே வளர்க்கின்றனர். கிளுவை முதலியவற்றைப் பந்தலாக நட்டுக் கொடியை ஏற்றுவர். பூவின் சூல்தண்டு ஒருபுறம் வளைந்து மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால், காலை வேளையில் ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் சேர்ப்பர். விளையும் விதை மருந்துத் தொழிற்சாலைகளுக்காக வெளிநாடு செல்கிறது. பயிரிடுவதற்கு வேண்டிய கிழங்குக்காகக் காட்டுக் காந்தளைத் தோண்டித் தோண்டி, இயற்கையாய் வளர்ந்த இடங்களில் அது அருகிவருவது இதன் மறுபக்கம். மலையேறி வந்தவர்களின் பழைய ஊர்ப்புறங்களில் அந்தப் பூ இன்று வேலியோரத்திற் குறைந்து, வயலிற் பெருகியிருக்கிறது.

நாட்டு மருத்துவம் வேண்டுவோர் அதனைக் கற்றவரிடம் நாடுதல் முறை. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ் இலங்கையில் ஆயுர்வேத, சித்த, யுனானி வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. அவ்வாறு பயின்றவர்கள் தோட்டப் பகுதிகளுக்குப் போதிய அளவில் வந்து பணியாற்றினால், அப்பாயிமார் நினைவில் வைத்திருக்கும் மருந்துப் பெயர்களைக் கேட்டு எழுதி, எது தக்கது எது தகாதது என்று பிரித்துரைக்க இயலும். அந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைந்துகொண்டிருக்கும் காலம் இது. இப்பணிக்கு இனியும் காலந் தாழ்த்துதல் தகாது.

அதுவரையில் தோட்டத்து வீடுகள் அறிந்திருக்க வேண்டியவை சில. கார்த்திகைக் கிழங்கையோ அதன் விதையையோ ஒருவர் உண்டதாக ஐயம் எழுந்தால், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம். உப்புநீர் புகட்டியும் தொண்டையில் விரலிட்டும் வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. நஞ்சை ஈர்க்கும் கரித்தூளை வைத்தியர் முதல் சில மணி நேரத்துள் கொடுத்தால் பயன் மிகுதி. நேரம் செல்லச் செல்ல அப்பயன் குறையும். இந்நஞ்சுக்கு எளிதிற் கிடைக்கும் முறிமருந்து எதுவும் இல்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலுள்ள நஞ்சுத் தகவல் நிலையத்திடம் வைத்தியர்கள் ஆலோசனை பெறலாம். முதல்நாட் பேதி நின்றதும், 'சுகமாகிவிட்டது, நாளைக்குப் பெயர் போடவேண்டும்' என்று துண்டு வெட்டிக்கொண்டு வீடு திரும்பலாகாது. குருதிப் பரிசோதனை சீராகும் வரை பல நாட்கள் அங்கேயே தங்குதல் வேண்டும். வைத்தியரிடம் எதனையும் மறைத்தலும் கூடாது. எதற்காக உண்டார் என்று கேட்டு எவரும் ஏசப்போவதில்லை. புறப்படும்போது சட்டியில் மிஞ்சிய துண்டோ, உரித்தெறிந்த தோலோ, கொடியின் ஓர் இலையோ எது கிடைத்தாலும் அதனை ஒரு துணியில் முடிந்து கையோடு கொண்டுபோக வேண்டும். இலை நுனி சுருண்டிருப்பதைக் கண்டவுடனே வைத்தியருக்கு விளங்கிவிடும்.